முதல் சீட்டு என் பெயருக்கு

வழக்கமா இந்த நேரத்துல டேட்டாபேஸ், டிப்ளாய்மென்ட், அப்ரைசல்னு ஏதாவது பேசிட்டு இருப்பேன். இன்னைக்கு அது இல்லை. குழந்தைக்காக டாக்டரிடம் போக ஆரம்பித்த கதை. இதை முதலில் என் மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். ரெண்டு இடத்தை வெட்டச் சொன்னாங்க, வெட்டிட்டேன். மிச்சம் இருப்பது அவங்க சம்மதத்தோட.

எனக்கு 29 வயசு, அவங்களுக்கு 28. கல்யாணம் ஆகி மூணு வருஷம். முதல் ஒன்றரை வருஷம் நாங்களே வேண்டாம்னு தள்ளிப் போட்டோம். அது யாருக்கும் தெரியாது. சொந்தக்காரங்க கணக்கு தாலி கட்டின நாள்லேர்ந்து ஓடும். "ஏதாவது விசேஷம் உண்டா?" இந்தக் கேள்வியை ஒருத்தர்கூட என்னிடம் கேட்டதில்லை. எல்லாம் அவங்களிடம்தான். என்னிடம் கேட்பது, "ஆன்சைட் எப்ப?"

எங்க அம்மா ஊர்லேர்ந்து திருக்கருகாவூர் போய் நெய் வாங்கி அனுப்பினார். கர்ப்பரட்சாம்பிகை கோயில் நெய், 48 நாள் சாப்பிடணும். கவனிங்க, அந்த நெய்யைக்கூட கணவன் மனைவி ரெண்டு பேரும் சாப்பிடணும்னுதான் சொல்லிக் கொடுக்கிறாங்க. அவங்க ஒரு நாள் விடாமல் சாப்பிட்டாங்க. எனக்கு நைட் ஷிஃப்ட், பாதி நாள் மறந்துட்டேன். இந்த நெய் கதை திரும்ப வரும்.

முயற்சி செய்து 14 மாசம் ஆச்சு. ஒரு வருஷம் தடுப்பு எதுவும் இல்லாமல் சேர்ந்து இருந்தும் கரு தங்கவில்லை என்றால் டாக்டரைப் பார்க்கணும், பெண்ணுக்கு 35 வயசு தாண்டியிருந்தால் ஆறு மாசமே போதும் என்பது பொதுவான கணக்கு. எங்களுக்கு நேரம் வந்தாச்சு. நான் என்ன செய்தேன்? எல்லா இன்ஜினியரும் செய்வதைத்தான். கூகுள் பண்ணி, ஆன்லைன்ல ஒரு 'ஃபெர்டிலிட்டி பேக்கேஜ்' புக் பண்ணினேன். அவங்களுக்கு மட்டும். 21-வது நாள் புரோஜெஸ்டிரான் டெஸ்ட்ல அளவு ரொம்பக் கம்மினு வந்தது. கருமுட்டையே வெளிவரவில்லை என்று நானே தீர்ப்பு எழுதிட்டேன். அவங்க அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை.

அடுத்து, ஓஎம்ஆர்ல பெரிய ஹோர்டிங் வைத்திருக்கும் ஒரு சென்டருக்குப் போனோம். முதல் கன்சல்டேஷன் இலவசம். டாக்டர் ஏழு நிமிஷம் பேசினார், கவுன்சலர் நாற்பது நிமிஷம் பேசினார். வெளியே வரும்போது கையில் ஐவிஎஃப் பேக்கேஜுக்கு ஒரு எஸ்டிமேட், ரெண்டு லட்சத்துக்கு மேலே, கூடவே இஎம்ஐ அட்டவணை. என்னிடம் ஒரு டெஸ்ட்கூட எடுக்கச் சொல்லலை. எல்லா சென்டரும் இப்படினு சொல்ல வரலை. நேரா அங்கேதான் போகணும் என்ற நிலைமை உள்ளவங்க உண்டு, அதுக்கும் வர்றேன்.

பக்கத்து ஃபிளாட் அக்காதான் சொன்னாங்க. "ஏம்ப்பா, நம்ம மெயின் ரோட்டு டாக்டரம்மாகிட்ட காட்டாம எதுக்கு அவ்ளோ தூரம் போனீங்க?" மேடவாக்கத்துல எங்க வீட்டிலிருந்து நடக்கிற தூரம். கீழே மெடிக்கல் ஷாப், மாடியில் நர்சிங் ஹோம். பிரசவம் பார்க்கிற டாக்டர் என்றுதான் நினைத்திருந்தேன். குழந்தை இல்லாதவங்களும் அங்கேதான் ஆரம்பிக்கலாம்னு தோணவே இல்லை.

ஒரு கஷ்டத்தை முதலிலேயே சொல்லிடறேன். அந்த வெயிட்டிங் ஹால் முழுக்க கர்ப்பிணிகள். வளைகாப்பு வளையல் சத்தம். என் மனைவி ஒரு மணி நேரமா போனை விட்டுத் தலை நிமிரவே இல்லை. டாக்டரிடம் இதைச் சொன்னப்ப, செக்கப் கூட்டம் இல்லாத மத்தியான நேரமா வரச் சொன்னார். நீங்களும் போனில் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேளுங்க. கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

டாக்டர் முதல் நாள் எந்த ஸ்கேனும் எடுக்கலை. ரெண்டு பேரையும் உட்கார வைத்து அரை மணி நேரம் கேள்விதான். அவங்களிடம் மாதவிடாய் எத்தனை நாளுக்கு ஒரு தடவை, வலி உண்டா, தைராய்டு உண்டா, எப்பவாவது டிபிக்கு மருந்து சாப்பிட்டீங்களா என்று கேட்டார். சில பேருக்கு டிபி கருக்குழாயையும் பாதிக்குமாம், எனக்கு அதுவரை தெரியாது. அப்புறம் என் பக்கம் திரும்பினார். "தம்பி, சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்திருக்கா? ஏதாவது ஆபரேஷன்? சிகரெட்? ஜிம்ல ஊசி கீசி போட்டுக்கிட்டியா?" ஊசினு அவர் கேட்டது டெஸ்டோஸ்டிரான். உடம்பு ஏறணும்னு வெளியிலிருந்து அதை ஏற்றிக்கொண்டால், உள்ளே விந்தணு உற்பத்தி படுத்துவிடும். ஜிம் போற பசங்க இந்த ஒரு வரியை மட்டுமாவது கேட்டுக்கோங்க.

அடுத்த கேள்விதான் எங்க ரெண்டு பேரையும் சிரிக்க வைத்தது. "மாசத்துல எத்தனை நாள் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல முழிச்சிருக்கீங்க?" எனக்கு யுஎஸ் ஷிஃப்ட், அவங்களுக்குப் பகல் வேலை. கணக்குப் போட்டோம். சனி, ஞாயிறு. அதுலயும் நான் ஆன்-கால்.

ஆன்லைன் ரிப்போர்ட்டை நீட்டினேன். அவர் தேதியைப் பார்த்துட்டு, "உனக்கு 34 நாள் சைக்கிள்னு சொன்னியேம்மா, அப்புறம் எதுக்கு 21-வது நாள் எடுத்தே?" என்றார். அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முன்னாடிதான் முட்டை வெளிவரும். 28 நாள் சைக்கிளுக்குத்தான் 21-வது நாள் கணக்கு சரி. 34 நாள் என்றால் 27-வது நாள் வாக்கில் எடுக்கணும். நாங்க எடுத்த அன்னைக்குத்தான் முட்டையே வந்திருக்கலாம். ஹார்ட்கோட் பண்ணின ஒரு நம்பரை வைத்து ஒரு ராத்திரி முழுக்க அவங்களை அழ வைத்திருக்கேன்.

கடைசியா சீட்டு எழுதினார். முதல் சீட்டு என் பெயருக்கு. செமன் அனாலிசிஸ், அதாவது விந்துப் பரிசோதனை. "இதுதான் செலவும் கம்மி, வலியும் இல்ல. முதல்ல இது வரட்டும்." அவங்களுக்கு ஃபோலிக் ஆசிட் மாத்திரை, தைராய்டு, புரோலாக்டின், இரண்டாம் நாள் ஹார்மோன் டெஸ்ட், ருபெல்லா எதிர்ப்புச் சக்தி இருக்கானு ஒரு டெஸ்ட்.

என் டெஸ்டுக்கு 600 ரூபாய். நான் எடுக்க ஆறு வாரம் ஆச்சு.

காரணம் கேட்டால் ரிலீஸ், புரொடக்‌ஷன் இஷ்யூ, லேப் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும்னு அடுக்குவேன். உண்மை என்னன்னா பயம். அந்தக் காகிதத்தில் ஒரு நம்பர் வரும், அது என்னைப் பற்றியது. அந்த ஆறு வாரத்தில் அவங்க ரத்தம் கொடுத்தாச்சு. ஃபாலிக்குலர் ஸ்டடிக்காக ஆபீஸ் போறதுக்கு முன்னாடி ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய், அஞ்சு தடவை உள்வழி ஸ்கேன் எடுத்தாச்சு. முட்டை நல்லா வளர்ந்து, 20-வது நாள் வெளிவந்திருந்தது. அவங்க பக்கம் எல்லாம் சரி.

அடுத்து ஹெச்எஸ்ஜி எடுத்துடலாமான்னு அவங்களே கேட்டிருக்காங்க. கருக்குழாய் அடைப்பு இருக்கானு பார்க்க, கர்ப்பப்பைக்குள்ள சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது. பல பேருக்கு நல்லாவே வலிக்கும். டாக்டர் முடியாதுன்னுட்டார். "அவர் ரிப்போர்ட் எங்கம்மா? அது வராம உனக்கு எதுக்கு வலி?"

வீட்டுக்கு வந்து சண்டை போடலை. மறுநாள் என் லேப்டாப் மூடி மேலே அந்தச் சீட்டு செலோடேப்பில் ஒட்டியிருந்தது. ஆறு வாரப் பழைய தேதியோட. அன்னைக்கு ஸ்டாண்ட்-அப் மீட்டிங்ல கேமரா ஆஃப் பண்ணிட்டு உட்கார்ந்திருந்தேன்.

சரி, டெஸ்ட் எப்படினு யாரும் சொல்றதில்லை, நான் சொல்றேன். ரெண்டு நாளிலிருந்து ஏழு நாள் வரை இடைவெளி விட்டு எடுக்கணும். லேப்லயே தனி ரூம் இருக்கும். சங்கடமா இருந்தால் சில லேப்ல அவங்க கொடுக்கிற டப்பாவில் வீட்டில் எடுத்து, உடம்பு சூடு குறையாமல் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து தரலாம்னு ஒத்துக்குவாங்க. நான் சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு வேளச்சேரி வரைக்கும் பைக்ல போனேன். விஜயநகர் சிக்னல்ல நின்ன அந்த நேரம் மாதிரி நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை.

ரிப்போர்ட் வந்தது. ஒரு மில்லிலிட்டருக்கு 90 லட்சம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லை 1 கோடியே 60 லட்சம்.

டாக்டர் அதைப் பார்த்துட்டுப் பதறலை. "கடைசியா எப்ப காய்ச்சல் வந்துச்சு?" ரெண்டு மாசம் முன்னாடி நாலு நாள் நல்ல காய்ச்சல். ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய ரெண்டரை மாசம் ஆகும். அதனால் இன்னைக்கு எடுக்கிற ரிப்போர்ட்டில் தெரிவது நம்ம பழைய உடம்பு. லாக் ஃபைல் மாதிரினு வெச்சுக்கோங்க. ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டக்கூடாது, மூணு மாசம் கழித்து இன்னொன்று எடுக்கணும்னு சொன்னார். அந்தக் கீழ் எல்லையும் பாஸ் மார்க் இல்லை. ஒரு வருஷத்துக்குள்ள அப்பா ஆன ஆண்களை வரிசைப்படுத்தி, அடியில் இருக்கும் 5 சதவீதத்தில் போட்ட கோடு. நம்ம பாஷையில் பி5. அதுக்குக் கீழே இருந்தும் அப்பா ஆனவங்க இருக்காங்க, மேலே இருந்தும் ஆகாதவங்க இருக்காங்க.

மூணு மாசம் கழித்து 1 கோடியே 30 லட்சம். ஏறியிருக்கு, ஆனா எல்லைக்குக் கீழேதான். இங்கே அந்த டாக்டர் செய்ததுதான் எனக்குப் பெரிய விஷயமாப் பட்டது. "இது என் வேலை இல்ல தம்பி, யூராலஜிஸ்ட் பார்க்கட்டும்"னு கடிதம் எழுதிக் கொடுத்தார். விரைப் பையில் நரம்பு புடைத்திருக்கானு, அதாவது வெரிகோசீல் இருக்கானு பார்க்கணுமாம். அவர் எல்லை எது என்று அவருக்குத் தெரியும்.

அதனால் நான் சொல்றது இதுதான். பக்கத்து டாக்டரிடம் ஆரம்பிங்க, ஆனா அங்கேயே தங்கிடாதீங்க. வயசு 35-ஐத் தாண்டியிருந்தால், ரெண்டு குழாயும் அடைப்பு என்றால், விந்தணு மிகக் குறைவு என்றால் நேரா ஸ்பெஷலிஸ்ட். 'இந்த மாசம் பார்ப்போம், அடுத்த மாசம் பார்ப்போம்'னு ஒரே மாத்திரையை ஆறு மாசத்துக்கு மேலே ஓட்டினால், ஃபைலை வாங்கிட்டுக் கிளம்புங்க. ஐயூஐ செய்யறாங்கன்னா, 2021-ல் வந்த ஏஆர்டி சட்டப்படி பதிவு இருக்கானு கேளுங்க. ஐயூஐ மட்டும் செய்கிற இடத்துக்கும் அது வேணும். அப்புறம் இன்ஷூரன்ஸ். சாதாரண பாலிசியில் குழந்தையின்மை சிகிச்சை பெரும்பாலும் விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். கம்பெனி குரூப் பாலிசியில் சில இடத்தில் கவர் உண்டு. ஹெச்ஆரிடம் கேட்கத் தயக்கமா இருந்தால் பாலிசி பிடிஎஃப்பில் 'இன்ஃபெர்டிலிட்டி'னு தேடிப் பாருங்க.

எங்களுக்கு இன்னும் விசேஷம் இல்லை. யூராலஜிஸ்ட் அப்பாயின்ட்மென்ட் அடுத்த வியாழக்கிழமை. இந்தத் தடவை நானே புக் பண்ணினேன்.

போன ஞாயிறு அம்மா போன் பண்ணினார். வழக்கம்போல, "அவகிட்ட குடு, ஒரு நல்ல டாக்டர் பேரு கிடைச்சிருக்கு"ன்னார். நான் போனைக் கொடுக்கலை. "அம்மா, அவளுக்கு எல்லா டெஸ்டும் நார்மல். எனக்குத்தான் கவுன்ட் கம்மி. நான்தான் டாக்டர்கிட்ட போறேன்." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கட் ஆயிடுச்சோனு பார்த்தேன், ஆகலை.

அப்புறம் கேட்டார். "அந்த நெய்யை நீ ஒழுங்கா சாப்பிட்டியா?"

"இல்லம்மா."

"அவ?"

"48 நாளும் சாப்பிட்டா."

"சரி, போனை அவகிட்ட குடு"ன்னார். கொடுத்தேன். என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியாது. அவங்க பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திட்டாங்க. அரை மணி நேரம்.

அடுத்த வாரம் வழக்கம்போல டெக் எபிசோட், கேச்சிங் பற்றி. வர்றேன்.