வீட்டிலேயே பழைய சைக்கிளைப் பழுதுபார்ப்போம்

புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தோட்ட வீடுகளில் துருவேறிச் சாய்ந்து கிடக்கும் ராலே சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பிரேமில் விரிசல் இல்லையென்றால் வண்டி பிழைத்துக்கொள்ளும்.

பெடலைக் கழற்றும்போதுதான் பலரும் தவறுகிறோம். வலது பெடல் வழக்கம்போல் இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். இடது பெடலுக்கு மரை நேர்மாறு; கடிகார முள் ஓடும் திசையில் திருப்ப வேண்டும். மிதிக்க மிதிக்கத் தானே கழன்று விழாதிருக்கவே இந்த ஏற்பாடு. இதை அறியாமல் நான் முறுக்கிய முறுக்கில் கிராங்கின் மரையே போயிற்று!

சக்கர அச்சிலுள்ள இரும்புக் குண்டுகளை எண்ணி வையுங்கள். பெரும்பாலும் முன்சக்கரத்தில் பக்கத்துக்கு 10, பின்சக்கரத்தில் 9, பின்னவை பெரியவை. மண்ணெண்ணெயில் கழுவி (அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம்), புது கிரீஸ் வைத்துப் பூட்டுங்கள்.

பிரேக் ரப்பரை மட்டும் புதிதாகவே வாங்குங்கள். பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப் போகும் வண்டியல்லவா?