காயிலும் ஓம் விதியும்



திருவொற்றியூரில் செய்த, அப்பாவின் பழைய 12 வோல்ட் புல்லட்டுக்கு இக்னிஷன் காயில் நான்தான் வாங்கி மாற்றினேன். துளை பொருந்தியது, வண்டியும் ஓடியது. மூன்றாம் நாள் ராத்திரி, பின்னால் அம்மா உட்கார்ந்திருக்க, மாடம்பாக்கம் ஏரிக்கரையில் நின்றுவிட்டது. காயில் கொதித்தது, பாயிண்ட் கருகியிருந்தது.

"சார், இது ஆறு வோல்ட் காயிலாச்சே! மீட்டர் வச்சுப் பாக்கலியா?" என்றார் மெக்கானிக். இன்ஜினியர் தலைகுனிந்தேன்.

பாயிண்ட் உள்ள 12 வோல்ட் வண்டிக்குக் காயிலின் பிரைமரி 3 முதல் 4 ஓம் இருக்க வேண்டும். 4 ஓம் என்றால் 3 ஆம்பியர். ஒன்றரை ஓம் காயிலில் 8 ஆம்பியர் பாயும். சிடிஐ காயிலில் 1 ஓம்கூட இருக்காது, அதுவும் ஆகாது.

முதலாண்டில் படித்த ஓம் விதிதான். துளையைப் பார்க்குமுன் ஓமை அளந்து பாருங்கள்.