கடனும் நாணயமும்: காரைக்கால் சிறுதொழிலார்க்கு வங்கியின் வாயில்



காவிரிப் படுகையின் கடலோரத்தில், கிழக்கே வங்கக்கடலும் ஏனைய திசைகளில் தமிழ்நாட்டு நிலமும் சூழ அமைந்தது காரைக்கால். 1954 நவம்பர் 1-ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சி நீங்கியபின் புதுச்சேரியோடு இணைந்து நிற்பது. இங்கு மக்கள் வாழ்வு ஒன்று; நிருவாகம் இரண்டு. எல்லைக்கு அப்பால் குடியிருந்து இப்பால் கடை வைத்திருப்போர் பலர்.

சிற்றூர்த் தொழில்களுக்கெனவே 1975-இல் வட்டார ஊரக வங்கிகள் தோன்றின. அவற்றின் பங்கு முதலில் நடுவணரசுக்கு 50, மாநில அரசுக்கு 15, ஆதரவு வங்கிக்கு 35 விழுக்காடு என வகுக்கப்பட்டது. இந்தியன் வங்கியின் ஆதரவில் 2008-இல் புதுவை பாரதியார் கிராம வங்கி அமைந்தது. அண்டைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு உரியது 2019-இல் உருவான தமிழ்நாடு கிராம வங்கி. ஆதலின் குடியிருப்பு எங்கே, தொழில் எங்கே என்பதை முதலிலேயே எடுத்துரைத்து விண்ணப்பித்தல் வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

2014-இல் தொடங்கிய ஜன்தன் திட்டத்தால் ஏழையர்க்கும் வங்கிக் கணக்கு கிடைத்தது. ஆயினும் கணக்கு வேறு, கடன் வேறு. விடியலில் மீன் வாங்கி விற்கும் ஒரு தாய்க்கு முதல் தேவைப்படுகிறது எனக் கொள்வோம். தண்டல்காரர் 10,000 ரூபாய் என எழுதி 9,000 ரூபாயே தருவார். நாள்தோறும் 100 ரூபாயாக 100 நாள் வாங்குவார். பார்வைக்கு வட்டி ஆயிரமே. ஆனால் அசல் நாளும் குறைந்து வருவதால், ஆண்டுக் கணக்கில் அது 70 விழுக்காட்டையும் கடந்துவிடும்.

இதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. நூறு நாளும் தவறாது செலுத்திய அவருடைய நாணயம் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அடுத்த ஆண்டு வங்கியின் முன் நிற்கும்போது அவர் முன்பின் அறியப்படாதவராகவே நிற்கிறார். வங்கிக்கு வேண்டுவது எழுத்துச் சான்று.

அச்சான்றை உண்டாக்கும் வழிகள் உள்ளன. 1992-இல் நபார்டு தொடங்கிய இணைப்புத் திட்டத்தில், மகளிர் குழுவின் சேமிப்பேடும் தவணைப் பதிவுமே பிணைபோல் நின்று கடன் பெற்றுத் தருகின்றன. 2015-இல் வந்த முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை சிசு, 5 இலட்சம் வரை கிசோர், 10 இலட்சம் வரை தருண் எனப் படிகள் உண்டு. இவற்றிற்குச் சொத்துப் பிணை வேண்டுவதில்லை. உழவர் கடன் அட்டை மீனவர்க்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. 2014-இல் சமணர் தேசியச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டமையால், 1994-இல் நிறுவப்பட்ட தேசியச் சிறுபான்மையினர் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் கடன்களுக்கும் நம் குடும்பங்கள் விண்ணப்பிக்கலாம்.

எனினும் கடன் வருவாய் ஈட்டும் தொழிலுக்கே ஆகவேண்டும். திருமணச் செலவிற்குத் திருப்பப்பட்ட தொழிற்கடன் மீண்டும் தண்டல்காரர் வாயிலிலேயே கொண்டுபோய் விடும்.

நம் இளைஞருள் கணக்கியல் கற்றோர் உளர். வங்கிப் பணியில் ஓய்வு பெற்ற பெரியோரும் உளர். வாரத்தில் ஒருநாள் ஒரு சிறு வணிகரின் வரவுசெலவை எழுதிக் கொடுத்து, விண்ணப்பத்தை நிரப்பி, வங்கி வரை உடன்சென்றால் போதும். நால்வகைத் தானங்களுள் சாத்திர தானமும் ஒன்று. எழுதத் தெரியாத கைக்கு ஓர் ஏட்டை எழுதிக் கொடுப்பதும் அதன்பாற்படும்.