வலிக்கும் போதைக்கும் நடுவில் ஒரு மருத்துவர்



திண்டுக்கல் வட்டாரத்தில் உடம்பு நோகாமல் செய்கிற தொழில் குறைவு. பூட்டுப் பட்டறையில் குனிந்தபடி அரம் போடுகிறவருக்குக் கழுத்து பிடித்துக்கொள்கிறது. சின்னாளபட்டித் தறிக்காரருக்கு முழங்கால் வலி. வேடசந்தூர்ப் பக்கம் நூல்மில்லில் நின்றே வேலை பார்க்கும் பெண்களுக்குக் குதிகால் வலி. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை சுமப்பவர்களுக்கு இடுப்பு வலி. இவர்களில் பலருக்கு வேலைக்குப் போனால்தான் கூலி. அதனால்தான் டாக்டரிடம் வரும்போதே, "ஒரு ஊசி போட்டு விடுங்க சார், நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்று கேட்கிறார்கள்.

அந்த டாக்டரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். வெளியே நீண்ட வரிசை நிற்கிறது. ஒருவருக்கு அவர் ஒதுக்க முடிவது சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்தில் அவர் மனதில் இரண்டு கவலைகள் மோதுகின்றன. மருந்து எழுதாமல் அனுப்பினால் வலியோடு போகிறாரே என்பது ஒன்று. எழுதிக் கொடுத்தால் அதற்கே பழகிவிடுவாரோ என்பது இன்னொன்று. இந்த முடிவை அவர் ஒற்றை ஆளாக எடுக்கவேண்டியிருப்பதுதான் நம் குறை.

இந்தக் கவலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கடத்தலைத் தடுக்க வந்த சட்டம், கடும் வலியைத் தணிக்க மருத்துவமனைக்குள் இருந்த மார்ஃபினையும் முடக்கியது. அதை வாங்கி வைக்கப் பல துறைகளிடம் தனித்தனி உரிமம் வேண்டியிருந்தது. ஒன்று காலாவதியானால் மற்றவை இருந்தும் பயனில்லாமல் போனது. பல மருத்துவமனைகள் மார்ஃபின் வைப்பதையே விட்டுவிட்டன. மார்ஃபின் எடுக்கப்படும் அபினை உலகுக்கே சட்டப்படி விளைவித்துக் கொடுக்கும் நாடு நம் நாடு. இங்கேயே புற்றுநோயாளிகள் மார்ஃபின் கிடைக்காமல் துடித்தார்கள். கேரளத்தின் நோய்தணிப்பு மருத்துவர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பலனாக 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகள் 'அத்தியாவசியப் போதை மருந்துகள்'. அவற்றை வைத்துக்கொள்ள, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒரே அங்கீகாரம் போதும்.

சட்டம் மாறினாலும் பயம் முழுதாகப் போகவில்லை. கடும் நோயின் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் நோய்தணிப்புச் சிகிச்சை தேவைப்படுவோரில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் அது உலக அளவில் கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். "மார்ஃபின் கொடுத்துட்டாங்களா? அப்ப முடிஞ்சது" என்று குடும்பத்தாரே பதறுகிறார்கள். அது தவறான எண்ணம். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்துக்கு, வாய்வழியாகச் சாப்பிட்டால் அது வலியை அடக்கி நோயாளியைத் தூங்கவும் பேசவும் வைக்கும் மருந்து. மலச்சிக்கல் வரும். அதற்கும் சேர்த்தே மருந்து தருவார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 1996-இல், மார்ஃபின் வகையைச் சேர்ந்த ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரை விற்பனைக்கு வந்தது. அதைத் தயாரித்த நிறுவனத்தார் அடிமையாகும் அபாயத்தைக் குறைத்துச் சொல்லி, மருத்துவர்களை அதைச் சாதாரண வலிக்கும் தாராளமாக எழுத வைத்தார்கள். அதன் தொடர்விளைவாகப் பல லட்சம் உயிர்கள் போயின. நம் மாநிலத்திலும் டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளை இளைஞர்கள் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் செய்திகள் வருகின்றன. விழுங்குவதற்குச் செய்த மாத்திரை அது. கரைத்து ஏற்றினால் ரத்தக்குழாய் புண்ணாகும். ஊசியைப் பகிர்ந்துகொண்டால் எச்.ஐ.வி.யும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி-யும் தொற்றலாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம்.

ஆக, வலியை நம்புவதும் போதையை நோயாகப் பார்ப்பதும் ஒரே மருத்துவரின் வேலைதான். இரண்டையும் அவர் சரியாகச் செய்ய, அவருக்கு மூன்று துணைகள் வேண்டும்.

முதல் துணை, கேட்டுத் தெரிந்துகொள்ள இன்னொரு மருத்துவர். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003-இல் 'எக்கோ' என்ற முறையைத் தொடங்கினார். கிராமத்து மருத்துவர்கள் தங்களிடம் வரும் சிக்கலான நோயாளிகளைப் பற்றி, வீடியோ வழியாக நிபுணர்களோடு தொடர்ந்து கலந்து பேசுவார்கள். அந்தக் கிராமத்து மருத்துவர்கள் கொடுத்த ஹெபடைடிஸ் சி சிகிச்சை, பல்கலைக்கழக மருத்துவமனையின் சிகிச்சைக்கு இணையான பலன் தந்தது என்று 2011-இல் ஆய்வு காட்டியது. அதே வழியில் பெங்களூருவின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ், போதைநோய்ச் சிகிச்சையில் மருத்துவர்களுக்குப் பயிற்சி தந்திருக்கிறது. நம் திண்டுக்கல்லில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரியில் மாநிலத்தில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட பதினொரு கல்லூரிகளில் இதுவும் ஒன்று. அதன் மயக்கவியல், மனநலப் பிரிவு மருத்துவர்கள் வாரம் ஒருமுறை நத்தம், நிலக்கோட்டை, குஜிலியம்பாறை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களோடு இப்படிப் பேசினால், எத்தனை பேருக்கு அலைச்சல் குறையும்!

இரண்டாவது துணை மருந்துக்கடைக்காரர். டிரமடால் போன்ற வலி மருந்துகள் 'எச்-1' என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. அவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. எழுதிய மருத்துவர், வாங்கியவர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2018-இல் டிரமடால் போதைப்பொருள் சட்டத்தின் கீழும் வந்துவிட்டது. ஒரே ஆள் இரண்டு மூன்று டாக்டர்களின் சீட்டோடு வருவதை முதலில் கவனிப்பவர் மெடிக்கல் கடைக்காரர்தான். சீட்டு எழுதியவருக்கு அவர் ஒரு போன் செய்தால், ஓர் உயிர் தப்பலாம்.

மூன்றாவது துணை, வீட்டுக்கே வரும் செவிலியரும் பிசியோதெரபிஸ்ட்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற மாநில அரசுத் திட்டம் இயன்முறைச் சிகிச்சையையும் நோய்தணிப்புச் சிகிச்சையையும் வீட்டுக்குக் கொண்டுவருகிறது. இடுப்பு வலிக்குப் பல நேரம் மாத்திரையை விடச் சரியான பயிற்சியே நிலைத்த குணம் தரும். டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டு, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைத்தால் சிறுநீரகம் கெடலாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

நேயர்களே, நீங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. குடிப்பழக்கம், தூக்க மாத்திரை, வேறு டாக்டர் கொடுத்த மருந்து எதையும் மறைக்காதீர்கள். பழைய சீட்டுகளைக் கையோடு கொண்டு போங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலன் தந்த மாத்திரையை நீங்கள் வாங்கிப் போடாதீர்கள். மீந்த மாத்திரையைப் பிள்ளைகள் கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள். பழகிப்போன மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என்று படுத்திவிடும். டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்கலாம்.

வீட்டில் ஒரு பிள்ளை மாத்திரைக்கு அடிமையாகியிருந்தால், போலீசுக்குப் பயந்து மறைக்காதீர்கள். தானாகச் சிகிச்சைக்கு முன்வருபவருக்குப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு சில நிபந்தனைகளோடு பாதுகாப்பு தருகிறது. 2017 மனநலச் சட்டமும் போதைப் பழக்கத்தால் வரும் பாதிப்பைச் சிகிச்சைக்குரிய நோயாகவே வைத்திருக்கிறது. போதை மீட்பு உதவிக்கு 14446 என்ற இலவச எண்ணை அழையுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416.

டாக்டர் கேள்விமேல் கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள். அவர் உங்களைச் சந்தேகப்படவில்லை, உங்கள் வலியைச் சரியாக அளக்கப் பார்க்கிறார். அடுத்த முறை ஊசி கேட்பதற்கு முன்னால், வலி எங்கே, எப்போது, என்ன வேலை செய்யும்போது வருகிறது என்று சொல்லுங்கள். நல்ல சீட்டு எழுத அவருக்கு முதலில் வேண்டியது அந்தத் தகவல்தான். அதை நோயாளியைத் தவிர வேறு யாரும் தர முடியாது.