விளையாட்டும் விவாதமும்



விளையாட்டு பொழுதுபோக்கிற்காக ஏற்பட்டது. அதைப் பற்றி ஆண்டுக்கணக்கில் வாதிடுவோரும் உளரோ என்று நம்மிற் பலர் வியக்கலாம். உளர். அவர்கள் வாதிடுவதில் பயனும் உண்டு, கேடும் உண்டு. இரண்டையும் அண்மையிற் கண்ட காரணத்தால் இன்று அதுபற்றிச் சில கருத்துகளைக் கூற முற்படுகிறோம்.

புனே நகரில் நாம் குடியிருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், சனிக்கிழமைதோறும் மாலையில் ஆறு இளைஞர் கூடுவது வழக்கம். அவருள் இருவர் தமிழர். ஏனையோர் மராட்டியரும் வங்காளியரும் கன்னடியரும் ஆவர். பேச்சு ஆங்கிலமும் இந்தியும் கலந்த ஒரு மொழி. மேசைமீது தாளும் பென்சிலும் பல முகங்கள் கொண்ட பகடைகளும் இருக்கும். ஒருவர் நடுவராக இருந்து கதைக்களத்தை விவரிப்பார். மற்றவர் ஒவ்வொருவரும் வீரனாகவோ மந்திரவாதியாகவோ கள்வனாகவோ ஒரு பாத்திரத்தை ஏற்று, அந்த நிலையில் தாம் செய்வது இன்னது என்று கூறுவர். செயல் கைகூடுமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். இதில் இறுதி வெற்றி ஒருவர்க்கு என்பது இல்லை. கதை நடக்கும் வரையில் ஆட்டமும் நடக்கும்.

அவ்விருவருள் ஒருவர் சேலத்திலிருந்து வேலையின்பொருட்டு வந்து எட்டுத் திங்களே ஆனவர். மராட்டி அறியார். அலுவலகம் விட்டால் அறை, அறையை விட்டால் அலுவலகம் என்றிருந்தவர்க்கு அந்த ஒரு மேசையே நகரமாக இருந்தது. அந்த மேசை ஒருநாள் கலைந்தது. கலைத்தது ஒரு விவாதம். அதனைக் கூறுமுன், இவ்விளையாட்டு பிறந்த வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர் கேரி கைகாக்ஸ். அண்டை மாநிலமாகிய மின்னசோட்டாவில் இருந்தவர் டேவ் ஆர்னஸன். போர்க்கள விளையாட்டுகளில் ஈடுபாடு கொண்ட இவ்விருவரும் சேர்ந்து ஆக்கிய ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ 1974-ஆம் ஆண்டு வெளிவந்தது. மூன்று சிறு நூல்கள் அடங்கிய ஒரு பெட்டி, முதற் பதிப்பில் 1,000 படிகள், அவ்வளவே. இன்று உலகெங்கும் ஆடப்பெறும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளுக்கெல்லாம் அப்பெட்டியே தாய்.

அச்சிறு நூல்களில் விதிகள் முழுமையாக இல்லை. பல இடங்கள் தெளிவற்றிருந்தன; சில இடங்கள் வெறுமையாகவே இருந்தன. முடிவுரையில் ஆசிரியர்களே, மற்றவற்றை உங்கள் கற்பனையால் நிரப்பிக்கொள்ளுங்கள் என்னும் பொருள்படக் கூறியிருந்தனர். ஆகவே ஓர் ஊரில் ஆடியது போல் மற்றோர் ஊரில் ஆடவில்லை. தாயம் ஆடும் முறை நம் நாட்டில் தெருவுக்குத் தெரு மாறுவதை அறிந்த நமக்கு இது வியப்பன்று. ஓர் ஊரார் கண்ட வழியை மற்றோர் ஊரார் அறிய விரும்பினர். விவாதம் பிறந்தது இந்தத் தேவையால்தான், வம்பினால் அன்று.

1975-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் லீ கோல்டு என்னும் அம்மையார் ‘அலாரம்ஸ் அண்டு எக்ஸ்கர்ஷன்ஸ்’ என்ற திங்கள் தொகுப்பைத் தொடங்கினார். பல ஊர்களிலிருந்தும் ஆட்டக்காரர் எழுதி அனுப்பும் பக்கங்களைத் திரட்டித் தைத்து, எல்லார்க்கும் அஞ்சலில் அனுப்புவது அதன் முறை. ஒருவர் தம் ஊர் ஆட்டத்தை எழுதுவார். அடுத்த திங்களில் நால்வர் அதன்மீது கருத்துரைப்பர். அதற்கடுத்த திங்களில் அவர் மறுமொழி தருவார். ஒரு கேள்விக்கு விடை வருவதற்குள் சினம் ஆறிவிடும். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அத்தொகுப்பு வெளிவந்தது என்பதொன்றே அதன் பயனுக்குச் சான்று. அதன் தொடக்க இதழ் ஒன்றில் கைகாக்ஸ் ஒரு கடிதம் எழுதினார். தாமும் ஆர்னஸனும் பல செய்திகளில் கருத்து மாறுபடுவதை அதில் அவர் மறைக்கவில்லை. ஆக்கியோர் இருவர்க்குள்ளேயே ஒரே வழி இல்லை என்பதை ஆட்டக்காரர் அன்றே அறிந்தனர்.

ஆயினும் அந்நிலை நீடிக்கவில்லை. ஆட்டம் பரவப் பரவ, எங்கும் ஒரே சீராக ஆட வேண்டும் என்ற எண்ணம் கைகாக்ஸுக்கே உண்டாயிற்று. 1977 முதல் 1979 வரை அவர் வெளியிட்ட விரிவான விதிநூல்களில் அந்நோக்கம் வெளிப்பட்டது. ஆர்னஸனோ தமக்குரிய ஊதியப் பங்கினை வேண்டி 1979-இல் வழக்குத் தொடுத்தார். 1981-இல் அது உடன்பாட்டில் முடிந்தது. ஆட்டக்காரரும் இரு பிரிவாயினர். நூலில் உள்ளபடியே நடுவர் நடக்க வேண்டும் என்றனர் ஒரு சாரார். நூல் ஒரு துணையே, இடமறிந்து முடிவு கூறுவது நடுவர் கடமை என்றனர் மறு சாரார்.

இவ்வழக்கு அவர்களோடு தோன்றியதும் அன்று. 1824-இல் பிரஷ்ய நாட்டுப் படையதிகாரி ரைஸ்விட்ஸ் என்பார், படைத்தலைவர்க்குப் பயிற்சியளிக்க ஒரு போர் விளையாட்டை வகுத்தார். அதில் பகடையும் அட்டவணையும் விதிகளும் மிகுந்திருந்தன. 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்னும் மற்றொரு பிரஷ்ய அதிகாரி, அவ்விதிகளின் சுமையைக் களைந்து, போரில் தேர்ந்த நடுவரின் தீர்ப்புக்கே ஆட்டத்தை விட்டுவிடலாம் என்றார். முன்னதில் விதி ஆண்டது; பின்னதில் நடுவர் ஆண்டார். இரண்டிலும் குறை உண்டு. விதி மிகுந்தால் ஆட்டம் நகராது. நடுவர் உரிமை மிகுந்தால் ஐயம் நீங்காது. இரு நூற்றாண்டுகளாகத் தீராத ஒரு வழக்கை ஒரு மாலைப்பொழுதில் தீர்த்துவிடலாம் என்று எண்ணுவதே விவாதிப்போரின் முதற் பிழை என்போம்.

இனி விவாதத்தால் விளைந்த நன்மை ஒன்றைக் காண்போம். 1980-இல் ‘டிஃபரண்ட் வோர்ல்ட்ஸ்’ என்ற இதழில் கிளென் பிளாக்கோ என்பவர் ஒரு கட்டுரை வரைந்தார். ஆட்டக்காரர் நாடுவன நான்கு என்று அவர் பகுத்தார். தம் பாத்திரத்தின் ஆற்றலைப் பெருக்க விரும்புவோர் சிலர். பாத்திரமாகவே வாழ விரும்புவோர் சிலர். போர்த்திறம் காட்ட விரும்புவோர் சிலர். நல்ல கதை அமைய விரும்புவோர் சிலர். ஒரே மேசையில் இந்நால்வரும் அமர்ந்தால் பூசல் ஏன் வருகிறது என்பது இப்பகுப்பால் விளங்கிற்று. “நீ கெட்டவன்” என்று சொல்லிவந்த இடத்தில், “நீ நாடுவது வேறு, நான் நாடுவது வேறு” என்று சொல்லும் வாய்ப்பு ஏற்பட்டது. இது சிறு நன்மையன்று.

ஆனால் பிற்காலத்தில் நேர்ந்தது யாது? வேறு பலரும் வேறு வேறு பகுப்புகளைச் செய்தனர். 1997-இல் மூன்று வகை என்றனர். 2001-இல் ரான் எட்வர்ட்ஸ் என்பவர் மற்றொரு முப்பகுப்பை விரித்து எழுதினார். நெடிது சிந்தித்து எழுதியவை இவை. எனினும் படித்தோர் பலர் கையில், விளக்குவதற்கென்று பிறந்த சொற்கள் இழிப்பதற்கென்று பயன்பட்டன. மருத்துவர் நோயைக் குறிக்க வைத்த பெயரைத் தெருச் சண்டையில் வசையாக வீசுவதை நாம் கண்டதில்லையா? அவ்வாறே, இன்ன வகை ஆட்டக்காரர் என்ற பெயரே ஒருவரை ஒதுக்கப் போதுமானதாயிற்று. திங்களுக்கு ஒருமுறை அஞ்சலில் வந்த மறுமொழி இன்று கணிப்பொறி வழியே நொடியில் வருகிறது. ஆறுவதற்குச் சினத்துக்கு நேரம் இல்லை.

நம் குடியிருப்பில் நேர்ந்ததும் இதுவே. ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில் ஒருவருடைய வீரன் கவசத்தோடு ஆற்றில் வீழ்ந்தான். பகடை அவனுக்கு எதிராக விழுந்தது. நடுவர் சற்றே சிந்தித்து, கரையில் நின்ற தோழன் கயிறு வீசியதாகக் கொண்டு அவனைப் பிழைக்க வைத்தார். மற்றோர் இளைஞர் இதனை ஒப்பவில்லை. அடுத்த வாரம் அவர் நான்கைந்து தாள்களோடு வந்தார். பகடையை மீறும் நடுவர் நடுவரே அல்லர் என்று எங்கோ உள்ள எவரெவரோ எழுதியவற்றை எடுத்து வந்திருந்தார். அவற்றை உரக்கப் படித்தார். அவற்றுள் ஏளனச் சொற்களும் இருந்தன. நடுவர் ஒன்றும் பேசாமல் பகடைகளைப் பையில் இட்டுக் கட்டினார். அதற்கடுத்த சனிக்கிழமை மூன்றாம் மாடியில் விளக்கு எரியவில்லை.

இரண்டு வாரம் கழித்துச் சேலத்து இளைஞர் நம்மிடம் வந்தார். படிக்க ஏதேனும் தமிழ் நூல் கிடைக்குமா என்று கேட்டார். நூலைப் பெற்றுக்கொண்டும் புறப்படாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவர் நாடி வந்தது நூலை அன்று என்பதை உணர எவ்வளவு நேரமாகும்?

பின்னர் தாள்களைக் கொணர்ந்த இளைஞரைத் தனியே கண்டு பேசினோம். விதியைப் பற்றி நாம் கேட்கவில்லை; அறியோம் ஆதலால் கேட்கவும் இயலாது. “அன்று உனக்கு மனம் நொந்தது எதனால்?” என்றே கேட்டோம். நெடுநேரம் விதியைப் பற்றியே பேசியவர் இறுதியில் உண்மையைச் சொன்னார். அதற்கு முந்திய திங்களில் இவருடைய வீரனும் அவ்வாறே ஓர் இடரில் சிக்கினான். அன்று நடுவர் பகடையின்படியே விட்டுவிட்டார். ஓராண்டுக் காலம் வளர்த்த பாத்திரம் மாண்டது. “அவனுக்குக் கயிறு வந்தது, எனக்கு வரவில்லை” என்றார். அவர் உள்ளத்தில் இருந்தது ஓரவஞ்சனை நேர்ந்ததோ என்ற வருத்தம். அதைச் சொல்லக் கூசியே, அயலார் எழுதிய கோட்பாட்டை எடுத்து நீட்டினார். அந்த அயலார்க்கோ இவருடைய வீரன் மாண்டதும் தெரியாது. நடுவரின் முகமும் தெரியாது.

நேயர்களே, நம் கருத்தின் நடுவிடம் இதுவே. ஒரு மேசையில் தோன்றும் மனத்தாங்கலுக்கு மருந்து அம்மேசையில்தான் உண்டு. பலர் கூடி வாதிக்கும் இடத்திலிருந்து வழிமுறைகளைப் பெறலாம், உவமைகளைப் பெறலாம், நமக்குத் தோன்றாத யோசனைகளைப் பெறலாம். தீர்ப்பை மட்டும் அங்கிருந்து இரவல் பெறலாகாது.

அங்ஙனமாயின் விவாதமே வேண்டாமோ என்றால், வேண்டும். 2023-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று அதை மெய்ப்பிக்கும். இவ்விளையாட்டின் உரிமையை இப்போது உடைய விஸர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், 2000-இல் ஒரு திறந்த உரிமத்தை வெளியிட்டிருந்தது. அதன்படி எவரும் ஆட்டத்தின் அடிப்படை விதிகளை ஆண்டு, கட்டணமின்றித் தம் நூல்களை வெளியிடலாம். சிறு பதிப்பாளர் பலர் அதனை நம்பியே பிழைத்தனர். 2023 சனவரியில், அவ்வுரிமத்தை மாற்றிப் பெரிய பதிப்பாளரிடம் பங்கு பெறும் வரைவு ஒன்று கசிந்தது. விதியை முதன்மையாகக் கொண்டோரும் கதையை முதன்மையாகக் கொண்டோரும் ஒருமுகமாக எதிர்த்தனர். வரைவின் ஒவ்வொரு பிரிவையும் எடுத்து ஆராய்ந்து எழுதினர். அத்திங்கள் 27-ஆம் நாள் நிறுவனம் தன் எண்ணத்தைக் கைவிட்டது. பழைய உரிமத்தை அப்படியே விட்டது மட்டுமன்றி, அடிப்படை விதித்தொகுதியை யாவரும் ஆளத்தக்க பொது உரிமத்தின் கீழும் வைத்தது. கூடி ஆராயும் பழக்கம் முன்னரே இல்லாதிருந்தால் இது கைகூடியிராது.

மற்றொன்றும் குறிப்பிடத் தக்கது. ஆட்டத்தின் போக்கு ஒருவர்க்கு மனத்துன்பம் தருமாயின், மேசைமீது உள்ள பெருக்கற்குறி இட்ட ஓர் அட்டையை அவர் தொட்டால் போதும்; காரணம் கேளாமல் அக்காட்சியை மாற்றிவிடுவர். இவ்வழக்கத்தை ஆட்டக்காரர் பலர் மேற்கொண்டுள்ளனர். இது ஆட்டத்தின் உரிமையைக் குறைக்கும் என்று எதிர்ப்போரும் உண்டு. ஆயினும் இது சுவை பற்றிய வேற்றுமை அன்று. உடன் அமர்ந்திருப்பவர் நலம் பற்றியது. சுவையில் விட்டுக்கொடுக்கலாம், உடனிருப்பவர் நலத்தில் விட்டுக்கொடுக்க இயலாது. இவ்வேறுபாட்டை அறிந்து வாதிட்டால் வாதத்தில் பாதி தானே அடங்கும்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோர்க்கு ஒரு சொல். உங்கள் மகனோ மகளோ இத்தகைய மேசை ஒன்றில் அமர்வதுண்டாயின் அதை வீண்பொழுது என்று தள்ளாதீர்கள். வேற்று மொழி பேசுவோரோடு சேர்ந்து ஒரு கதையைக் கட்டுவது எளிய செயல் அன்று. ஆனால் அவர்கள் ஆட்டத்தை விட்டு, ஆட்டத்தைப் பற்றிய சண்டையிலேயே பொழுதைப் போக்குவதாகக் கண்டால், “நீ கடைசியாக ஆடியது எப்போது?” என்று மட்டும் கேளுங்கள்.

மூன்றாம் மாடியில் இப்போது மீண்டும் விளக்கு எரிகிறது. தாள்களைக் கொணர்ந்தவர் நடுவரிடம் தம் வருத்தத்தைச் சொன்னார். நடுவரும் முந்திய நாளில் தாம் அப்படி எண்ணிப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். நடுவர் பொறுப்பை இனி முறை வைத்து ஏற்பது என்று முடிவாயிற்று. ஆறாமவர் ஒருவர் திரும்பவில்லை. அன்று கேட்ட ஏளனச் சொற்கள் அவர் மனத்தை விட்டு அகலவில்லை என்கிறார்கள். அவருக்கென்று ஒரு நாற்காலியைப் போட்டே வைத்திருக்கின்றனர். சேலத்து இளைஞர் வரும் வாரம் நடுவராக அமர இருக்கிறார். நம்மிடம் வாங்கிச் சென்ற நூல் இன்னும் திரும்பி வரவில்லை, நாமும் கேட்கவில்லை.