தூரத்தில் இருப்பவருக்குத் துக்கச் செய்தி
(கிராமத் தம்பதிகள் கூட்டத்தில் கிராம சுகாதார செவிலியர் ஆற்றிய உரை)



வழக்கமாகத் தடுப்பூசி பற்றியும் பிள்ளைப்பேறு பற்றியும் பேசுவேன். இன்று சாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "என்ன நர்சம்மா, அபசகுனமா?" என்று முகம் சுளிக்காதீர்கள். நம் பக்கத்தில் பல வீட்டு ஆண்கள் சவுதி, துபாய், சிங்கப்பூர் என்று போயிருக்கிறார்கள். அவர் அங்கே இருக்கும்போது இங்கே பெற்றவர் கண்ணை மூடினால் என்ன செய்வது?

நான் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். பக்கவாதத்தில் படுத்த மாமியாரை ஏழு மாதம் மருமகள்தான் பார்த்தாள். ஒருநாள் விடியற்காலை அந்த அம்மா இறந்துவிட்டார். புருஷன் சவுதியில். "அவன்கிட்டே சொல்லாதே, தனியாக் கெடந்து துடிப்பான். காரியம் முடியட்டும்" என்றார்கள் பெரியவர்கள். அவளும் போனில், "அத்தை தூங்குறாங்க" என்று இரண்டு நாள் சமாளித்தாள். மூன்றாம் நாள், உறவுக்காரப் பையன் செல்போனில் போட்ட மாலை சாத்திய படத்தை அவர் பார்த்துவிட்டார். "எங்கம்மாவை எடுத்த அன்னிக்கு நான் சினிமா பார்த்துச் சிரிச்சிட்டு இருந்திருக்கேனே!" என்று கதறினார். பல மாதம் மனைவியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏழு மாதப் பணிவிடை ஒரு பொய்யில் மறைந்து போயிற்று.

அவர்கள் கெட்ட எண்ணத்தில் மறைக்கவில்லை, பாசத்தில்தான் மறைத்தார்கள். ஆனால் துக்கப்படுவது அவருடைய உரிமை. அதை நாம் பிடுங்கக் கூடாது.

எப்படிச் சொல்வது?

அன்றைக்கே சொல்லுங்கள். முதலில் அவரோடு தங்கியிருக்கும் நம் ஊர்க்காரருக்குச் சொல்லி, பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். நேரமும் பாருங்கள். இங்கே காலை 6 மணி என்றால் சவுதியில் 3.30, சிங்கப்பூரில் 8.30. அவர் வண்டி ஓட்டும்போதோ, சாரத்தில் நிற்கும்போதோ சொல்லாதீர்கள்.

"சீரியஸா இருக்காங்க" என்று இழுக்காதீர்கள். "அம்மா இறந்துட்டாங்க" என்று தெளிவாகச் சொல்லுங்கள். எப்போது, எப்படி, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். அவர் அழுதால் அழ விடுங்கள்.

வருவதா, வேண்டாமா?

அதை அவர் முடிவு செய்யட்டும். முதலாளியிடம் விடுப்பு கேட்கச் சொல்லுங்கள். துபாய் சேர்ந்த ஐக்கிய அரபு நாடுகளின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, தனியார் நிறுவனத் தொழிலாளிக்கு மனைவி இறந்தால் 5 நாளும், பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர் இறந்தால் 3 நாளும் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. வர முடியாவிட்டால், "பெத்த தாய்க்குக்கூட வரலியே" என்று யாரும் குத்திப் பேச வேண்டாம். கந்துவட்டிக்கு வாங்கி டிக்கெட் எடுக்கும்படி நெருக்கவும் வேண்டாம்.

அவருக்கும் பங்கு கொடுங்கள்

அடக்கமோ தகனமோ, அவரவர் வழக்கப்படி நடக்கும்போது அவர் விரும்பினால் போனில் காட்டுங்கள். எது எப்படி என்று அவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அம்மாவின் சேலை ஒன்று, கண்ணாடி ஒன்று அவருக்கென எடுத்து வையுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்து, சான்றிதழின் நகலை அவருக்கும் அனுப்புங்கள்.

பிறகு?

காரியம் முடிந்ததும் இங்கே வீடு கலகலப்பாகிவிடும். அவருக்கு அங்கே துக்கம் அப்போதுதான் தொடங்கும். சில நாள் தூக்கம் வராது, சோறு இறங்காது. அது நோயல்ல. தினமும் பேசுங்கள். குடியில் இறங்கினாலோ, "நானும் போயிடறேன்" என்று சொன்னாலோ அலட்சியம் வேண்டாம். உடனே கூட இருப்பவரிடம் சொல்லி, தனியே விடாமல் டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்லுங்கள். நீங்கள் இங்கிருந்து 14416 என்ற இலவச மனநல எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் தாயைக் குளிப்பாட்டிச் சோறூட்டியவள் மனைவி. அவளும் அழுதிருப்பாள். "நீ எப்படி இருக்கே?" என்று நீங்களும் கேளுங்கள்.

அடுத்த முறை விமானம் ஏறுமுன் இருவரும் உட்கார்ந்து பேசி வையுங்கள். "எது நடந்தாலும் மறைக்காமச் சொல்றேன்" என்று அவள் வாக்குக் கொடுக்கட்டும். "சொன்னதுக்காக உன்மேல கோபப்பட மாட்டேன்" என்று அவர் வாக்குக் கொடுக்கட்டும்.

தூரம் உடலுக்குத்தான்; துக்கத்தில் துணையாக இருப்போம்!