தத்தெடுக்கும் முன் வீட்டில் பேச வேண்டியவை



தத்தெடுப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம், தாய் தகப்பனை இழந்த நம்ம கடற்கரைப் பிள்ளைகளை "நாங்க வளர்க்கிறோம்" என்று எங்கெங்கிருந்தோ கேட்டார்கள். அரசாங்கம் அவசரப்பட்டுக் கொடுத்துவிடவில்லை; நாகப்பட்டினத்தில் அன்னை சத்யா காப்பகத்தில் வைத்து வளர்த்தது. அது சரி என்றுதான் நான் சொல்வேன். பரிதாபத்தில் வருகிற ஆசை ரெண்டு மாசத்தில் வடிஞ்சிடும். பிள்ளை வளர்ப்பது இருபது வருஷ வேலை.

அதனால் முதலில் புருஷனும் பொண்டாட்டியும் மனசு விட்டுப் பேசணும். கல்யாணமாகி இரண்டு வருஷமாவது ஒற்றுமையாக வாழ்ந்திருக்கணும், இருவருமே சம்மதிக்கணும் என்கிறது சட்டம். மாமியாருக்காகத் தலையாட்டுகிற மனுஷன், பிள்ளை காய்ச்சலில் அழுகிற ராத்திரி திரும்பிப் படுத்துக்குவார்.

பதிவு 'காரா' இணையதளத்தில். வருமானச் சான்று, மருத்துவச் சான்று எல்லாம் கேட்பார்கள். மயிலாடுதுறையில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விவரம் கேட்கலாம். பிறகு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். மாடி வீடா என்று பார்க்க அல்ல, பிள்ளைக்கு அங்கே இடம் இருக்கா என்று பார்க்க. கடன் இருந்தால் மறைக்காதீங்க. இரண்டு வயசுக்குட்பட்ட பிள்ளை வேணும்னா தம்பதி வயசைக் கூட்டினால் 85 தாண்டக்கூடாது. எட்டு வயசு தாண்டிய பிள்ளைக்கு 110 வரை போகலாம். 2022 செப்டம்பரிலிருந்து கலெக்டரே உத்தரவு கொடுக்கிறார். அதற்காகக் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம்.

கைக்குழந்தைக்கு வருஷக்கணக்கில் காத்திருக்கணும். அந்த நேரம் பார்த்துத்தான் புரோக்கர் வருவான். 2019இல் ராசிபுரத்தில் பிள்ளைக்கு விலை பேசிய ஆடியோவை ஊரே கேட்டது. விற்றாலும் வாங்கினாலும் ஐந்து வருஷம் வரை ஜெயில். ஆசையாக வளர்த்த பிள்ளையையும் பிரிய நேரலாம்.

இன்னொன்று, பிள்ளையிடம் மறைக்காதீங்க. நம்ம ஊரில் ரகசியம் ரேஷன் கடை வரிசை வரைக்கும்தான். யாரோ ஒருத்தி சண்டையில் வீசி எறிவதற்கு முன்னால், மூன்று நாலு வயசிலேயே கதை மாதிரி நீங்களே சொல்லிவிடுங்க. "உன்னைத் தேடிப் போய்க் கூட்டிக்கிட்டு வந்தோம்" என்றால் பிள்ளைக்குப் புரியும்.

எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறாள். அவள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். வளைகாப்புக்குப் பத்திரிகை வைக்கும்போது அவளை விட்டுவிடாதீங்க. வாராவாரம் "தகவல் வந்துச்சா?" என்று மட்டும் கேட்காதீங்க. வந்தால் அவளே நமக்கு மிட்டாய் கொண்டு வருவாள்.